காகிதப்பூ போன்சாய் சொல்பேச்சு கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன்சாய், அதாவது செடியைச் சிறு தட்டில் மரம்போலக் குட்டையாக வளர்க்கும் கலை, பழகத் தொடங்குபவருக்குக் காகிதப்பூவைவிடத் தோதான பூச்செடி நம் வெயிலில் அரிது. கட்டைவிரல் பருமனான தண்டை நட்டாலும் வேர் பிடிக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஒருநாள் தண்ணீர் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இதன் இரண்டு குணங்கள் புதியவரை அலைக்கழிக்கும். ஒன்று, இது மரமல்ல, பற்றி ஏறும் கொடி. விட்டால் நீளவே பார்க்கும். இரண்டு, இது புதுத் துளிரில்தான் பூக்கும். உருவத்துக்காக நுனியை நறுக்கும் ஒவ்வொரு முறையும் வரவிருந்த பூவையும் சேர்த்தே நறுக்குகிறோம். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இழுபறியில் பிறந்தவைதான். ஆகவே முதல் 2 ஆண்டு தண்டும் கிளையும் அமைவதற்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அதற்கிடையே பூத்தால் மகிழ்ச்சி, பூக்காவிட்டால் குற்றமில்லை.

எந்த அறிகுறியானாலும் மருந்தைத் தேடும் முன் ஒரு சோதனை. மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் அடிவரை செருகி, 10 நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். காய்ந்து வாடிய செடியும், ஈரம் மிகுந்து வேர் அழுகி வாடிய செடியும் மேலே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அடி ஈரத்தைக் குச்சிதான் சொல்லும். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் கொன்ற செடிகள் ஏராளம்.

செழிப்பாக வளர்கிறது, பூ மட்டும் இல்லை

கடைசியாக வளர்ந்த துளிரை எடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கைக் கிட்டத்தில் பாருங்கள். அங்கே ஒரு முள் இருக்கும். காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்தில், ஒரே வகை மொட்டிலிருந்து வருபவை. வளர்ச்சிக்குத் தோதான நிலை இருந்தால் அந்த மொட்டு முள்ளாக முடியும், பூப்பதற்குத் தோதான நிலை இருந்தால் காம்பு விட்டுப் பூவாகும். கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளி, இலை பெரிதாகக் கரும்பச்சையாக, இடுக்கில் எல்லாம் கூரிய முள் என்றால் அந்தச் செடிக்கு இப்போது பூக்கும் எண்ணமே இல்லை. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்போது அது ஏன் பூக்க வேண்டும்?

முதலில் வெயில். நேரடி வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது படவேண்டும். பால்கனியில் காலை 2 மணி நேரம் படும் வெயிலில் இலைதான் வரும். அடுத்து உரம். கடலைப் புண்ணாக்குக் கரைசல், சாணக் கரைசல், மீன் அமிலம், 19-19-19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்) ஆகிய அனைத்தையும் நிறுத்துங்கள். பதிலாக 0-0-50 (பொட்டாசியம் சல்பேட்) உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து 15 நாளுக்கு ஒருமுறை ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரக்கரைசல் ஊற்றினால் மெல்லிய வேர் கருகும்.

மூன்றாவது, கத்தரியைக் கீழே வைப்பது. கவாத்து செய்த நாளிலிருந்து புதுத் துளிர் வந்து, முற்றி, பூ வைக்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். வாரந்தோறும் அழகு பார்த்து நுனி கிள்ளினால் அந்த 8 வாரம் ஒருபோதும் நிறைவதில்லை. மாசி, பங்குனியில் பூ வேண்டும் என்றால் மார்கழி நடுவில் கடைசி வெட்டை முடித்துவிடுங்கள். இரவு நீண்டிருக்கும் அந்தக் காலமே பூ மொட்டு வைக்க இதைத் தூண்டவும் செய்யும்.

நான்காவது, வாட்டம் கொடுப்பது. மூக்கிரட்டைக் கீரை காய்ந்த தரையில் படர்ந்து பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். காகிதப்பூவும் அதே குடும்பம்தான். தண்ணீரை நிறுத்தி, இலைகள் விறைப்பு இழந்து லேசாகத் தொங்கும்வரை காத்திருங்கள். தொங்கியதும் தொட்டியின் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். மறுபடி காயவிடுங்கள். இப்படி 3 அல்லது 4 சுற்று. ஆழமில்லாத போன்சாய் தட்டில் ஒரு சுற்று 2 நாளிலேயே முடிந்துவிடலாம். சித்திரை வெயிலில் அரை நாள் தாமதம்கூடக் கிளையைக் காயவைத்துவிடும் என்பதால், இதைத் தை மாதத்தில் செய்வதே பத்திரம். துளிரில் பட்டாணிக்கும் சிறிய நிறமேறிய மொட்டுகள் தெரிந்த அன்றே வாட்டத்தை நிறுத்திவிட வேண்டும். தொட்டி மாற்றி 2 மாதம் ஆகாத செடிக்கு இந்த வேலையே வேண்டாம்.

மொட்டு வைத்து உதிர்கிறது, நிறம் வெளிறுகிறது

மொட்டு தெரிந்த பிறகும் காயப்போட்டால் உதிரும். மொட்டோடு இருக்கும் தொட்டியை வெயிலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாலும் உதிரும். விருந்தாளிக்குக் காட்ட ஒரு மாலை உள்ளே வைக்கலாம், ஒரு வாரம் கூடாது. நாம் பூ என்று சொல்லும் வண்ணத் தாள்கள் உண்மையில் மூன்று பூவடிச் செதில்கள். நடுவில் வெள்ளைக் குழலாகத் தெரிவதுதான் பூ. செதிலின் நிறம் அடர்வது பெரும்பாலும் வெயிலைப் பொறுத்தது. அடுக்குப் பூ வகைகளில் (நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் மஹாரா போன்றவை) வாடிய செதில் தானாக விழாது, பழுப்பு நிறத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். அது நோயல்ல. அந்த நுனியை 2 இலை விட்டு வெட்டிவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது, கொட்டுகிறது

எந்த இலை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

தொட்டி மாற்றிய 10 நாளில் மொத்த இலையும் கொட்டினால் பதற வேண்டாம். வேர் குறைந்ததற்கு ஏற்ப இலையைக் குறைத்துக்கொள்கிறது. தண்டில் நகத்தால் ஒரு நெல் அளவுக்குக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது: இலை கொட்டியதைக் கண்டு அதிகம் தண்ணீர் ஊற்றுவது, உரம் வைப்பது. இலையே இல்லாத செடி நீரை இழுக்காது. ஊற்றிய நீர் தேங்கி, மிச்ச வேரும் போகும். நிழலில் 2 வாரம் வைத்து, குச்சி பாதி காய்ந்து வந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். உரம் புதுத் துளிரில் 5 இலை விரிந்த பிறகுதான்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் காரத்தன்மை கூடி, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வெயில் தணிந்த பிறகு இலைமேல் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து 2 நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். ஆனால் இது தற்காலிக உதவிதான். மழைநீரைப் பிடித்து மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவுக்கு 3 மடங்கு ஊற்றி உப்பை அலசி வெளியேற்றுவதே நிலையான வழி.

முதிர்ந்த அடி இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் என்றால் மெக்னீசியம் போதவில்லை. மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், 15 நாள் இடைவெளியில் 2 முறை தெளித்தால் போதும்.

குச்சி சேறாக வருகிறது, இலையும் தொங்குகிறது என்றால் வேர் அழுகல். அன்றே தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். காகிதப்பூவின் மெல்லிய வேர் சட்டென்று அறுந்துபோகும். தொட்டியின் உட்சுற்றில் கத்தியை ஓட்டி, அடித்துளை வழியே தள்ளி, மண்ணோடு எடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகியதைப் பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அழுகியதை நல்ல வேர் தெரியும்வரை வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லி) லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்த நீரில் 10 நிமிடம் முக்கி, புதுக் கலவையில் நடுங்கள். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, 3 வாரம் நிழலில் வையுங்கள்.

கலவைக்கு ஒரு கணக்கு: செங்கல் சில்லு 4 பங்கு, பெருமணல் 3 பங்கு, மக்கிய தொழு உரம் 2 பங்கு, செம்மண் 1 பங்கு. செங்கல்லும் மணலும் 2 முதல் 5 மி.மீ. அளவில் சலித்திருக்க வேண்டும். சலித்ததில் கீழே விழும் தூளைக் கொட்டிவிடுங்கள். சில்லுகளின் இடைவெளியில்தான் வேருக்குக் காற்று கிடைக்கிறது. தூள் அந்த இடைவெளியை அடைத்து, 2 மழையில் தட்டைச் சிமெண்டுபோல இறுக்கிவிடும். எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அப்படியே போடுபவர்களுக்கு நேர்வது இதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் 3 செ.மீ. மரத்துண்டு வைத்துச் சாய்த்துவிடுங்கள். தட்டு அகலமாக, ஆழமின்றி இருப்பதால் சமமாக வைத்தால் அடியில் ஒரு விரல்கடை ஈரம் வடியாமலே நிற்கும். சாய்த்தால் அந்த நீர் ஒரு மூலைக்கு வந்து துளைவழி இறங்கும். மழைக்காலத்தில் இந்த மரத்துண்டு காப்பாற்றும் அளவுக்கு எந்தப் பூஞ்சைக்கொல்லியும் காப்பாற்றாது.

வெட்டிய இடத்திலிருந்து கிளை கருகி இறங்குகிறது

காகிதப்பூவின் கட்டை மிருதுவானது, நாரும் ஈரமும் நிறைந்தது. வெட்டுவாய் காய்ந்து அடுத்த உயிருள்ள கணு வரை பின்வாங்கும். கணுவை ஒட்டி வெட்டினால் அந்தக் கணுவே காய்ந்து, அதற்கும் கீழே உள்ள கணுவுக்குப் போய் நிற்கும். வேண்டிய கிளை போய்விடும். எனவே தடித்த கிளையை வெட்டும்போது கணுவுக்கு மேல் 2 செ.மீ. கட்டைத்துண்டு விட்டு வெட்டுங்கள். 2, 3 மாதத்தில் காய்வது ஓரிடத்தில் நின்று, உயிருள்ள பகுதிக்கும் காய்ந்ததற்கும் நடுவே தெளிவான கோடு தெரியும். அதன் பிறகு அந்தக் கட்டைத்துண்டை அகற்றி, காயத்தின் ஓரத்தைக் கூரிய கத்தியால் வழவழப்பாகச் சீவி, காப்பர் ஆக்சிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்த பசையைப் பூசுங்கள்.

வெட்டு எப்போதும் சரிவாக இருக்கட்டும். வானம் பார்த்த தட்டையான வெட்டில் மழைநீர் நின்று, தண்டின் நடு சில மாதங்களிலேயே பஞ்சாகிவிடும். ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் போன்சாயில் செய்வதுபோல் பட்டுப்போன கட்டையை வெள்ளையாக அழகுக்கு நிறுத்தும் முறையை இதில் முயல வேண்டாம். விரல் பருமனுக்கு மேற்பட்ட வெட்டுகளை அடைமழைக் காலத்தில் தள்ளிப்போடுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் இடையே ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது அரை நிமிட வேலை.

கம்பி சுற்றும்போது கிளை பிய்கிறது, ஒடிகிறது

வளைத்த வடிவில் கிளை நிற்கவே கம்பி சுற்றுகிறோம். அப்போது பிய்வதும் ஒடிவதும் வேறு வேறு பிழை. பச்சையாக, குழைவாக இருக்கும் இளந்துளிர் தண்டோடு இன்னும் உறுதியாக ஒட்டியிருக்காது. வளைத்தால் அடியோடு பிய்ந்து கையில் வரும். முழுக்கப் பழுப்பேறிய கிளை உள்ளே விறைத்திருக்கும். வளைத்தால் படக்கென்று ஒடியும். நடுவே ஒரு பருவம் உண்டு: அடிப்பக்கம் பச்சை மங்கிப் பழுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கி, நுனி இன்னும் பச்சையாக இருக்கும். பருமன் 3 முதல் 5 மி.மீ. கம்பிக்கு உரிய பருவம் அது ஒன்றுதான். நாள் தவறினால் அந்தக் கிளையைக் குட்டையாக வெட்டி, அடுத்த துளிருக்குக் காத்திருப்பதே மேல்.

கம்பி சுற்றும் முந்தைய நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் நிறைந்து விறைத்த கிளையைவிடச் சற்றுத் தளர்ந்தது எளிதாக வளையும். அலுமினியக் கம்பியின் பருமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். மேலே சொன்ன பருமனுக்கு 1.5 மி.மீ. கையைக் கிழிக்கும் முட்களின் நுனியை முதலில் கத்தரித்துவிடுங்கள். கம்பியின் ஆரம்பத்தைத் தண்டில் 2 சுற்று சுற்றி நிலைநிறுத்தி, 45 பாகைச் சாய்வில் கிளைமேல் கொண்டுபோங்கள். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி பட வேண்டும், உட்புறத்தில் கட்டைவிரல் தாங்க வேண்டும். கிளை தண்டிலிருந்து பிரியும் இடத்தில் மட்டும் ஒருபோதும் வளைக்காதீர்கள். அங்கிருந்து ஒரு விரல் தள்ளித் தொடங்குங்கள்.

பாதி பிளந்தால் உடனே பழைய நிலைக்குத் திருப்பி, ஒட்டுக்கட்டும் நாடாவால் இறுக்கிக் கட்டி 8 வாரம் தொடாமல் விடுங்கள். பெரும்பாலும் கூடிவிடும். தடித்த கிளையைக் கீழே கொண்டுவர வேண்டுமானால் கம்பி சுற்றுவதைவிடச் சணல் கயிற்றால் தொட்டி விளிம்புக்கு இழுத்துக் கட்டுவது நல்லது. கயிறு படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்து, வாரம் ஒரு முறை சிறிது இறுக்குங்கள்.

கம்பி வெட்டியது போலத் தண்டில் திருகுத் தடம் விழுவதும் அடிக்கடி வரும் புகார். வளரும் காலத்தில் காகிதப்பூ 4 முதல் 6 வாரத்தில் கம்பியை விழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே வாரா வாரம் பார்வை தேவை. கழற்றும்போது உரித்துச் சுற்றி எடுக்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். வளைவு திரும்ப நிமிர்ந்தால் எதிர்த்திசையில் மீண்டும் சுற்றலாம்.

உச்சி மட்டும் ஓடுகிறது, கீழ்க்கிளை மெலிகிறது

உச்சித் துளிர் சத்தை இழுத்துக்கொள்வது எல்லாச் செடிக்கும் பொது. கொடியில் அது இன்னும் மூர்க்கம். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் ஒரே அளவில் வெட்டுவதால்தான் இந்தச் சிக்கல் வளர்கிறது. மேல்பகுதித் துளிர் 6 இலை விட்டதும் 2 இலைக்கு வெட்டிக்கொண்டே இருங்கள். கீழ்க்கிளையை 60, 70 செ.மீ. நீளம் ஓடும்வரை தொடவே வேண்டாம். கிளை தடிப்பது அது ஓடும்போதுதான், வெட்டும்போது அல்ல. வேண்டிய பருமன் வந்தபின் 2 கணு விட்டு வெட்டுங்கள்.

கம்பியால் கிளையைப் படுக்கவைத்தவர்கள் நுனியையும் சேர்த்துத் தாழ்த்தியிருப்பார்கள். தாழ்ந்த நுனியில் துளிர் சோர்ந்து, கிளையின் முதுகில் நேர்க்குத்தாகப் போத்து (வேகமாக ஓடும் வீரியத் துளிர்) கிளம்பும். நுனியின் கடைசி 3 செ.மீ. மேல்நோக்கி இருந்தால் கிளை தன் பலத்தை விடாது. முதுகில் வந்த போத்தை 1 செ.மீ. இருக்கும்போதே விரலால் தேய்த்து எடுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெட்டுக்குக் கீழே எஞ்சும் கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை போகும். வெளிப்பக்கம் பார்க்கும் இலைக்கு மேலே வெட்டினால் கிளை விரியும், உட்பக்கம் பார்க்கும் இலைக்கு மேலே வெட்டினால் தண்டை நோக்கித் திரும்பி மற்றதில் சிக்கும்.

ஒரே கணுவில் நாலைந்து துளிர் கொத்தாக வந்தால் இரண்டை மட்டும் விடுங்கள். எல்லாம் தடித்தால் அந்த இடம் முண்டாகப் புடைத்து, தண்டு கீழே சிறுத்து மேலே பெருத்ததுபோல் ஆகிவிடும். அதைப் பின்னால் திருத்த வழியில்லை.

வேறு நிறத்தில் பூக்கிறது

ஒட்டுச்செடியாக இருக்கும். பல நிறம் ஒட்டிய செடி வாங்கியவர்களுக்கு இது நேரும். ஒட்டுக்குக் கீழே அடித்தண்டிலிருந்து கிளம்பிய துளிர் வேகமாக வளர்ந்து மேலே உள்ளதை அமுக்கிவிட்டது. கீழ்த்துளிரை அடியோடு நீக்குங்கள். ஒட்டுப்போட்ட இடம் காலத்துக்கும் தெரியும் என்பதால் போன்சாய்க்குப் பதியனிலோ தண்டிலோ வந்த செடியே நல்லது. பல நிற இலை வகையில் முழுப்பச்சைக் கிளை வந்தாலும் உடனே வெட்டுங்கள். பச்சையம் அதிகம் உள்ள கிளை மற்றதை முந்திவிடும்.

இலையில் துளை, வெள்ளைப் பஞ்சு

இலை ஓரம் அரைவட்டமாக, கத்தரியால் வெட்டியதுபோல் சீராக இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. கூடு கட்ட எடுத்துப்போகிறது, செடிக்குக் கேடில்லை, மருந்து அடிக்காதீர்கள். ஓரம் ஒழுங்கின்றிக் கடித்திருந்தால் புழு. இருட்டிய பிறகு டார்ச் அடித்து இலைக்கு அடியில் தேடிப் பொறுக்கலாம். கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில துளி ஒரு லிட்டர் நீரில் கலந்து 7 நாளுக்கு ஒருமுறை 3 தடவை மாலையில் தெளியுங்கள். எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். மாவுப்பூச்சியின் தேன்கசிவுக்காக எறும்பு அதைப் பகைப்பூச்சிகளிடமிருந்து காத்துக்கொண்டிருக்கும்.

நட்ட தண்டு துளிர்த்தது, பிறகு வாடிவிட்டது

3, 4 செ.மீ. பருமனான தண்டை மணலில் நட்டால் 2 வாரத்திலேயே துளிர் வரும். அது வேர் பிடித்த அடையாளமல்ல. தண்டில் சேர்த்து வைத்த சத்து தீரும்வரை ஓடும் துளிர். அந்த நேரத்தில் வெயிலில் வைத்தாலோ, வேர் வந்ததா என்று அசைத்துப் பார்த்தாலோ முடிந்தது. வெளிச்சமான நிழலில் 8 வாரம் அசையாமல் இருக்கட்டும். துளிர் ஒருமுறை நின்று, மறுபடி இரண்டாம் முறை புதிதாக ஓடத் தொடங்கினால்தான் கீழே வேர் இறங்கியிருக்கிறது. அப்போதும் தட்டுக்கு மாற்றாதீர்கள். 12 அங்குல அகலம், 5 அங்குல ஆழமுள்ள மண்சட்டியில் ஓராண்டு ஓடவிட்டு, அடுத்த மாசியில் வேரின் அடிப்பகுதியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, தட்டின் துளைவழிக் கம்பி விட்டுச் செடி ஆடாதபடி கட்டி நடுங்கள்.